கெட்டித் தரை

நேற்று ஜீப்பின் முன் ஆக்ஸிலைக் கழற்றினேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சேறு. சிப்பித் தூளும் மணலும் உப்பும் சேர்ந்து அரைபட்டு, அழுகின இறால் வாடை அடித்தது. பட்டறையில் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் போகவில்லை. அது நீ ஓட்டிச் சேர்த்த சேறு. கடல் தண்ணீரில் இறக்கின வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் நம் இருவருக்கும் ஒரே பெஞ்சில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீ ஒருநாளும் கழுவவில்லை. பேரிங் இரண்டும் போய்விட்டன. செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாய்.

செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு விஷயம் போதாது. வாய் கெட்டவன் நீ. ஐஸ் தூக்குகிற நொண்டி சவரியைக் கூட்டத்தில் நடந்து காட்டச் சொல்லிச் சிரித்தவன். கடைசிப் பரீட்சையில் நான் தேறினேன், நீ தேறவில்லை. அதற்காக அறந்தாங்கிக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி என்னை "சர்ட்டிபிகேட்டு" என்று கூப்பிடுவாய். "ஏ சர்ட்டிபிகேட்டு, ஸ்பேனரப் புடி. பரீச்சப் பேப்பரப் புடிக்கிற மாதிரி புடிக்காத."

ஓட்டுவதில் மட்டும் உன்னிடம் குறை சொல்ல முடியாது. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிட்டரி ஜீப் அது. நம் முதலாளி இறால் வியாபாரத்துக்காக வாங்கிப் போட்டிருந்தார். மீமிசலுக்கு வடக்கே உள்ள குப்பத்துக்கு ஐஸ் கொண்டுபோய், இறாலை ஏற்றிவர வேண்டும். உள்பாதை மழைக்காலத்தில் உளைச் சேறாகிவிடும். அப்புறம் கடலோரம்தான் வழி. அந்தக் கடலுக்கு அலை கிடையாது, கண்மாய் மாதிரிக் கிடக்கும். காற்று அடித்தால் தண்ணீர் மேலே ஏறும், விட்டால் இறங்கும். தண்ணீர் நனைத்துவிட்டுப் போன ஒரு பட்டை மணல்தான் நமக்கு ரோடு. டயரில் காற்றைக் குறைத்து, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, செகண்ட் கியரில் விட்டால் பிரேக்கைத் தொடக் கூடாது. நின்றால் புதையும். பனங்காடு வந்து கெட்டித் தரை தொடங்கும் வரைக்கும் நிற்கவே கூடாது.

குப்பத்து வலைக்காரர் கருப்பையாவை ஏற்றிய அன்றும் அப்படித்தான் கிளம்பினோம்.

மழை விட்டிருந்த காலை. ஐஸை இறக்கிக்கொண்டிருந்தபோது வள்ளத்திலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வலையை உதறும்போது திருக்கை மீன் வாலை வீசிவிட்டது. முள் அடித்தொடையில் ஏறி உடைந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. அறந்தாங்கி ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லை. நான் பின்னால் உட்கார்ந்து துண்டால் காயத்தை அமுக்கிக்கொண்டேன். அவர் மனைவி காளியம்மாளும், அவளுடைய கொழுந்தனும் ஏறிக்கொண்டார்கள்.

வாய்க்கால் கடலில் சேருகிற இடத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் எறங்கித் தள்ளுங்க. அவரும் சர்ட்டிபிகேட்டும் மட்டும் இருக்கட்டும்."

காளியம்மாள் முழங்கால் சேற்றில் நின்று தோளைக் கொடுத்தாள். "தள்ளு ஆத்தா. புள்ள பெக்கறப்ப முக்குன மாதிரி முக்கு" என்றாய். புருஷன் ரத்தம் கொட்டிக் கிடக்கிறான், அந்த நேரத்தில் பேசுகிற பேச்சா அது. அவளும் விடவில்லை. "ஒன்னயப் பெத்தவ முக்காம இருந்திருக்கலாம்டா" என்றாள், தள்ளிக்கொண்டே.

வண்டி ஏறியது. ஏறியதும் ஓடியது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். "தம்பி, நில்லு. நானும் வாரேன். நில்லு தம்பி."

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நாமும் அங்கேயே கிடந்திருப்போம். அது கணக்கு. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பனங்காட்டு ஓரத்தில் கெட்டித் தரை வந்தது. அங்கே நீ நிறுத்தினாய். எஞ்சினை அணைக்காமல் ஒரு பீடியைப் பற்றவைத்தாய். தூரத்தில் அவள் கரிக்கட்டை அளவுக்குத் தெரிந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கொழுந்தன் இன்னும் பின்னால்.

கருப்பையா கண்ணைத் திறந்தார். "ஏன் நிக்கிது?"

"ஒம்ம பொஞ்சாதி வருதுய்யா" என்றாய்.

"அவ நடந்து வருவா. நீ போ."

நீ என்னைப் பார்த்தாய். "கொஞ்ச நேரந்தானே" என்றேன் அவரிடம். அவர் எழும்பி, பின்னாலிருந்து உன் சட்டைக் காலரைப் பிடித்தார். கையெல்லாம் ரத்தம். "நான் சாகக் கெடக்கேன். அவ கெடக்கா. போடா."

பீடியை எறிந்துவிட்டு கியரைப் போட்டாய்.

ஆஸ்பத்திரி வாசல் தெரிவதற்கு முன்னாலேயே அவர் முடிந்துவிட்டார். கடைசி வரைக்கும் அவள் பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான்.

காளியம்மாள் யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் பொழுது சாய்ந்து வந்து சேர்ந்தாள். காலெல்லாம் சிப்பி கிழித்திருந்தது. உடம்பைப் பார்த்தாள். அழவில்லை. நம்மிடம் வந்து, "என்னயக் கேட்டாரா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "கேட்டாரு. எம் பொஞ்சாதிய ஏத்துங்கன்னு கெஞ்சுனாரு. நாந்தான் முடியாதுன்னு ஓட்டிட்டு வந்தேன்."

உன் முகத்தில் காறித் துப்பினாள். நீ துடைத்துக்கொண்டாய்.

திரும்பி வரும்போது ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "இனி அவளுக்குன்னு இருக்கறது அந்தச் செத்த ஆளு ஒருத்தந்தான். அவனையும் புடுங்கச் சொல்றியா? மூடிக்கிட்டு வா, சர்ட்டிபிகேட்டு. செத்தாலும் சொல்லக் கூடாது" என்றாய். இதைக் கேட்டு உன்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது உண்மை. மறுநாளே சவரியை மறுபடி நடந்து காட்டச் சொன்னாய். மதிப்பு போய்விட்டது.

அதற்கப்புறம் குப்பத்தில் நம் வண்டிக்கு நிக்காத வண்டி என்று பெயர். காளியம்மாள் உன்னைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுவாள். "நல்லாத் தூத்து ஆத்தா, ஐஸுல விழுகாமத் தூத்து" என்பாய்.

பிறகு காமாலை வந்து செத்தாய். திருட்டுச் சாராயம். எஞ்சினுக்கு எந்த ஆயில் ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று தெரிந்தவனுக்குத் தன் வயிற்றைப் பற்றித் தெரியவில்லை.

உன் ஊர் திருவரங்குளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது காளியம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். சொந்தக்காரி என்று நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள். அவள் உன் தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அன்னைக்கு என்னய விட்டுட்டு ஓடுனான். இன்னைக்கு எங்கிட்டு ஓடுவான்னு பாக்க வந்தேன்."

ஒப்பாரி நின்றுபோயிற்று. அவள் போன பிறகு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருப்பா அது? எம்மகன் என்ன பண்ணுனான்?"

ஒரு வாக்கியத்தில் உன்னை யோக்கியனாக்கியிருக்கலாம். பெற்றவளுக்கு அது போதும். "அவசரத்துக்கு வண்டியில ஏத்தாம வந்துட்டான் ஆத்தா" என்றேன். உன் அம்மா உன் பக்கம் திரும்பினார். "ஏத்தியிருக்கலாம்லடா" என்று உன்னிடம்தான் சொன்னார். நீ பேசாமல் கிடந்தாய். முதல் தடவையாக.

இப்போது வண்டி என்னிடம் இருக்கிறது. போன வாரம் குப்பத்திலிருந்து காளியம்மாள் ஏறினாள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உன்னைத் திட்டின வாயால் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முன்சக்கரத்தில் சத்தம் கேட்டதால், பனங்காட்டுக் கெட்டித் தரையில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

"இங்கிட்டுதான் தம்பி" என்றாள்.

"என்ன இங்கிட்டு?"

"அன்னைக்கு வண்டி இங்கிட்டு நின்னுச்சு. நான் வாய்க்காப் பக்கமிருந்து பாத்தேன். எனக்காகத்தான் நிக்கிதுன்னு ஓடியாந்தேன். பெறகு போயிருச்சு. அவன் முடியாதுன்னுதானே சொன்னான். முடியாதுங்கறவன் எதுக்கு நின்னான்? நின்னவன் எதுக்குப் போனான்? நீயுந்தானே உள்ள இருந்தே."

இத்தனை வருஷமாக இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உன் பொய்யில் இந்த ஓட்டை இருந்தது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் என் வாயையே பார்த்தாள். உண்மை என் நாக்கில்தான் இருந்தது. சொன்னால் அவள் மனசில் நீ எழுந்துவிடுவாய், கருப்பையா விழுந்துவிடுவார்.

"பீடி பத்தவைக்க நின்னான்" என்றேன்.

அவள் அதை மென்று பார்த்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"பீடிக்கு" என்றாள். "போ தம்பி."

கியரைப் போட்டேன். உனக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை இவ்வளவுதான்டா.