பனியில் வெறுங்கால்

14-12-2020, திங்கள்

காலையிலிருந்து தூறல். புயல் மழை போய்ப் பத்து நாளாகியும் கொல்லைப்பக்கம் சொதசொதவென்றுதான் இருக்கிறது. முறுக்குக்குக் கழுவிப் போட்ட அரிசி காயவில்லை.

சாமியார் இந்த வருஷம் வீடு வீடாக வரமாட்டாராம். கொரோனா. கேரல் பாட்டுக்காரர்களும் இல்லை. பூசைக்கு டோக்கன். அறுபத்தைந்துக்கு மேலே உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். எனக்கு எழுபத்தொன்று. கோவிலுக்குப் போகாத கிறிஸ்மஸ் இதுதான் முதல்.

வருஷா வருஷம் கிறிஸ்மஸ் குடிலை மந்திரிக்க வரும்போது சாமியாரிடம் பிள்ளைகள் விவரத்தை ஒவ்வொன்றாக நான்தான் சொல்வேன். இந்த வருஷம் சொல்ல ஆள் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஸ்டெல்லா. சிதம்பரத்தில் இருக்கும் என் மகள் பிலோமினாவின் மூத்தது. நர்ஸிங், முதல் வகுப்பு. அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை. எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் பெண். எல்லாரும் லண்டன் என்கிறார்கள். லண்டனிலிருந்து இன்னும் மூன்று மணி நேரம் ரயிலில் போகணுமாம். நான் திருத்தவில்லை.

2. அருள். அவள் தம்பி. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அரியர் ஒன்றுகூட இல்லை.

3. ஜெனிபர். என் மகன் அந்தோணியின் மகள். இந்த வீட்டில் என்னோடு இருப்பவள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். போனில் அவள் செய்யாத வித்தை கிடையாது. கோவில் நோட்டீஸ் எல்லாம் அவள் போட்டுக் கொடுத்ததுதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் வயிற்றில் வந்ததுகள் இவ்வளவு தூரம். போதும்.

இன்னும் முடியாத வேலை: குடிலுக்கு வைக்கோல், ஸ்டாருக்குப் பல்பு, ஸ்டெல்லா போட்டோ.

போட்டோதான் முக்கியம். வீட்டில் இல்லாதவர்களின் போட்டோவைக் குடிலுக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போன காலத்தில் ஆரம்பித்தது. அந்த வருஷத்துப் புதுத்துணியில் எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். பழசு வைக்கக்கூடாது. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

ஸ்டெல்லாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது மயில்கழுத்து நிறப் புடவை. திருப்பாதிரிப்புலியூரில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலையாட்டினாள்.

17-12, வியாழன்

வெயில். அரிசி காய்ந்தது.

மூன்று நாளாகக் கேட்கிறேன், போட்டோ வரவில்லை. இன்றைக்கும் ஸ்டெல்லா போனில் பேச்சு மட்டும்தான், முகம் காட்டவில்லை.

"நெட்டு சரியில்ல ஆயா."

"நேத்தும் அதான் சொன்ன. குரல் ஏன் கரகரன்னு இருக்குது?"

"குளிரு. நாலு மணிக்கே இருட்டிடுது இங்க."

"புடவை கட்டி ஒரு போட்டோ எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்? கூட இருக்கிற பொண்ணுங்கள எடுக்கச் சொல்லேன்."

"டியூட்டி ஜாஸ்தி ஆயா. அனுப்புறேன். வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள்.

பி.பி. மாத்திரை காலையில் போட்டேனா, நினைவில்லை. போடவில்லை என்று எண்ணிக்கொண்டு ஒன்று போட்டேன்.

19-12, சனி

போட்டோ வந்துவிட்டது.

ஜெனிபர் போனில் காட்டினாள். மயில்கழுத்துப் புடவை, தலையில் பூ இல்லை, அங்கே எங்கே கிடைக்கும். பின்னால் பெரிய கிறிஸ்மஸ் மரம், லைட்டு, சுற்றிலும் பனி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன போட்டோவில் முகம் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறாள்.

நாளைக்கே பெரிதாகப் போட்டு வாங்கி வரச் சொன்னேன். "எதுக்கு ஆயா பெருசா? சின்னதே போதும்" என்றாள் ஜெனிபர். போதாது என்றேன்.

20-12, ஞாயிறு

அந்தோணி முதுநகர் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். குடிலுக்குப் பக்கத்தில், மாதா சுரூபத்துக்கு வலப்பக்கம் வைத்தேன். மனசு நிறைந்தது. முறுக்கு நாற்பது சுட்டேன், இடுப்பு வலிக்கவில்லை.

மாலையில் பக்கத்து வீட்டுக் கல்யாணி வந்தாள். அவள் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அதனால் வெளிநாட்டுப் போட்டோ எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு சொட்டை சொல்லியாக வேண்டும். மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஏன்க்கா, இவ்ளோ பனில பொண்ணு செருப்புக் கூடப் போடாம நிக்குது?"

பார்த்தேன். ஆமாம், வெறுங்கால். கொலுசுகூடத் தெரிந்தது.

"வீட்டுக்குள்ள செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி நாங்க வளக்கல" என்றேன்.

"பனி வீட்டுக்குள்ளயா பெய்யுது?"

"போட்டோவுக்கு ஒரு நிமிஷம் நின்னிருப்பா. புடவைக்கு ஷூ நல்லாவா இருக்கும்?"

கல்யாணி தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். முறுக்கு நாலு தின்றாள். ஜெனிபர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பிள்ளைக்குக் கோபம் போல.

21-12, திங்கள்

டிவியில் இங்கிலாந்தில் புது மாதிரி கொரோனா என்கிறான். அங்கிருந்து விமானம் எல்லாம் நிறுத்தம். லண்டன் பக்கம் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாதாம், கிறிஸ்மஸ் அன்றைக்கும். கல்யாணி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள்: "உங்க பேத்தி ஊர்லதானே புதுசா கிளம்பியிருக்கு?" என் ஸ்டெல்லாதான் கிளப்பிவிட்டாள் என்பது போல.

ஸ்டெ.வுக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. பிலோமினாவுக்கு அடித்தால் "நல்லாத்தான் இருக்கா, நீ டிவிய நிறுத்து" என்கிறாள். அம்மாவிடம் பேசுகிற பேச்சா?

நாளைக்குச் சிதம்பரம் போய்ப் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நேரில் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஜெனிபர், "பஸ்ல கூட்டம் ஜாஸ்தி ஆயா. வேணாம். நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்று பத்துத் தடவை. இவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை?

22-12, செவ்வாய்

சிதம்பரம். ராத்திரி நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டது. இடுப்புவரை ஈரம். வீட்டுக்குள் நுழைந்ததும் மாற்றுப் புடவைக்குப் பிலோமினாவின் பீரோவைத் திறந்தேன். அவள் அடுப்படியிலிருந்து "இரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்று ஓடிவந்தாள். அதற்குள் பார்த்துவிட்டேன்.

மேல் தட்டில் மயில்கழுத்துப் புடவை. மடிப்பு கலையாமல். உள்முனையில் சிவப்பு நூலில் நான் போட்ட 'ஸ்'.

"இது எப்படி இங்க இருக்குது?"

பிலோமினா பீரோக் கதவைச் சாத்தப் பார்த்தாள். விடாமல் என்னோடு வந்து பின்னால் நின்ற ஜெனிபர்தான் அழ ஆரம்பித்தாள்.

கிளம்பும் அன்று பெட்டி எடை ஜாஸ்தியாம். எதையாவது எடுக்கணுமாம். ஸ்டெல்லா என் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சாதம் வைக்கிற குக்கரை உள்ளே வைத்தாளாம். எடுத்து வைப்பதற்கு முன்னால், எனக்காக ஒரு தடவை கட்டிக்கொண்டு பிலோமினா வீட்டு வாசற்படியில் நின்று போட்டோ எடுத்தாளாம். அந்தப் போட்டோவைத்தான் மரமும் பனியும் வைத்து ஒட்டிக்கொடுத்திருக்கிறாள் என் பி.எஸ்ஸி. பேத்தி. வாசற்படியில் யார் செருப்போடு நிற்பார்கள்?

"ஏன்டி இந்த வேல?" என்றேன்.

"ஸ்டெல்லாவுக்குப் பாசிட்டிவ்மா" என்றாள் பிலோமினா.

பதினாறாம் தேதியிலிருந்தாம். ஆஸ்டல் அறைக்குள் தனியாக இருக்கிறாள். வெளியே வரக்கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டதாம், இருமல் மட்டும். மூக்கில் வாசனை போய்விட்டதாம். என் பி.பி.க்குப் பயந்து எல்லாருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். அந்தோணிக்கும் தெரியுமாம். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அங்கேயே போன் போடச் சொன்னேன். எடுத்தாள்.

"பொய்ப் போட்டோவைக் குடிலுக்குப் பக்கத்துல வைக்க வச்சிட்டியே. ஆண்டவர் முன்னாடி. தெருவுக்கெல்லாம் காட்டினேன்டி."

"நீ தெனம் போட்டோ போட்டோன்னு கேட்டா நான் என்னா பண்றது ஆயா? எழுந்து நிக்க முடியல எனக்கு."

வைத்துவிட்டேன். நானேதான் வைத்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜெனிபரோடு பேசவில்லை. புடவை என் மடியில்.

23-12, புதன்

தூறல்.

போட்டோவை எடுத்துவிட்டேன். மாதாவுக்கு வலப்பக்கம் காலி. வைக்கோலை இழுத்து மூடிப் பார்த்தேன். மூடினாலும் தெரிகிறது.

அந்தோணி: "கோவிச்சுக்காதம்மா. சொன்னா நீ சாப்பிடமாட்ட, அதான்."

"நான் பச்சப் பிள்ளையாடா?"

ஜெனிபர் இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். ஒரு தடவை குடித்தேன்.

நினைத்துப் பார்த்தேன். பதினான்காம் தேதியிலிருந்து கேட்டேன். காய்ச்சலில் படுத்திருப்பவளைப் புடவை கட்டு, புடவை கட்டு என்று.

24-12, வியாழன்

அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். போன். ஸ்டெல்லா. வீடியோவில்.

முகம் ஒட்டிப்போயிருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. தலை சிக்கு. கழுத்தில் துண்டு. பின்னால் மரமுமில்லை, பனியுமில்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் காகிதக் கப்பை வெட்டி ஒட்டிய ஸ்டார், ஒரு முனை மடங்கிப்போய்.

"கோவமா ஆயா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"ஒம்மேல, ஒங்கம்மா மேல, இந்தக் கொரோனா மேல. சாப்பிட்டியா?"

கூட வேலை பார்க்கும் மூன்று பெண்கள், இரண்டு பேர் கேரளா, ஒருத்தி பிலிப்பைன்ஸ். ஸ்டெல்லாவின் குக்கரில்தான் சாதம் வைத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்களாம். அவர்கள் போன பிறகுதான் கதவைத் திறக்க வேண்டுமாம். அங்கே வந்த நாளிலிருந்து ஒரு கோவிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. நாளைக்குப் பூசை போனில்தானாம். நாளை மறுநாள்தான் அறையை விட்டு வெளியே வரலாமாம்.

குக்கர் அங்கே போனது சரிதான். புடவையைத் தின்ன முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை.

"என்னா சுடற?"

"அதிரசம்."

"வாசன எப்படி இருக்கும்னே மறந்துட்டேன் ஆயா. ஒண்ணுமே தெரியல. சோப்பு மோந்து பாத்தாலும் தெரியல."

வெல்லம், ஏலக்காய் என்றேன். அது ஒரு பதிலா? போனை எண்ணெய்ச் சட்டிக்குக் கிட்டப் பிடித்தேன். சத்தமாவது கேட்கட்டும். ஒன்று எடுக்கும்வரை பிடித்தேன். போன் சூடாகிவிட்டது, ஜெனிபர் பிடுங்கினாள்.

"கேட்டுதா?"

"கேட்டுது" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். சளியா, அழுகையா, தெரியவில்லை.

25-12, வெள்ளி

டோக்கன் மூன்று. அந்தோணி, மருமகள், ஜெனிபர் போனார்கள். கோவில் மணி இங்கே கேட்டது. நான் டிவியில் பூசை. நற்கருணை நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது. எழுந்துபோய் உலை வைத்தேன்.

கல்யாணிக்குப் பலகாரத் தட்டு எடுத்துப் போனேன். வாசலோடு திரும்பிவிட நினைத்தேன். அவள் விடவில்லை, பின்னாலேயே வந்துவிட்டாள். குடிலைப் பார்த்தாள்.

"போட்டோ எங்கக்கா?"

விழுந்துவிட்டது, கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குடிலுக்கு முன்னால் நின்று இரண்டாவது பொய்யா?

"அது நெஜப் போட்டோ இல்ல கல்யாணி. பிள்ளைக்குக் கொரோனா. ரூம்ல கெடக்கிறா."

அவள் மாஸ்க்கை இறக்கினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அது ஒங்க பிலோமினா வீட்டு வாசப்படி, நான் வந்திருக்கேனே. கீழ ஓரத்துல படியும் கோலமாவும் தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா முறுக்கு குடுத்திருப்பீங்களா?"

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. பனியில் கோலமாவு. என் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

போகும்போது சொன்னாள்: "எம் மவன் போன தீபாவளிக்கு அனுப்புன போட்டோவும் அதுக்கு முந்தின வருஷத்துதுதான். நான் கேக்கல."

26-12, சனி

வெயில். வைக்கோலில் எறும்பு, மஞ்சள்தூள் போட்டேன்.

இன்று ஸ்டெ. அறையை விட்டு வெளியே வருகிற நாள். அங்கே விடிய இன்னும் நேரமிருக்கிறது. ஜெனிபர், "சொல்ல வேண்டியத போன்ல பேசு ஆயா, ரெக்கார்டு பண்ணி அனுப்பறேன்" என்றாள். வேண்டாம், நான் எழுதுகிறேன், நீ எழுதினதை எழுதினபடி போட்டோ எடுத்து அனுப்பு, ஒன்றும் ஒட்டாதே என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். தட்டில் இருந்த அதிரசத்தில் ஒன்றை அவள் கையில் வைத்தேன்.

எழுத வேண்டியது. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா. புடவை என் பெட்டியில் பத்திரம். அடுத்த வருஷம் கட்டலாம், கெட்டுப்போகாது. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த பிறகும் குடிலைப் பிரிக்கமாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி. வெளியே வந்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தியை எடுக்கச் சொல். நைட்டியோடு இருந்தாலும் சரி, முகம் ஒட்டிப்போயிருந்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி. காலில் செருப்புப் போட்டுக்கொள். போனில் வேண்டாம். காகிதத்தில் கழுவி, பின்னால் தேதி எழுதி, எத்தனை நாளானாலும் பரவாயில்லை, புதுசாக ஒரு போட்டோ போஸ்ட்டில் அனுப்பு.