பானெட்டில் நீ வைத்த பொட்டு

இன்று மதியம் கடையில் கார் தேய்க்கும்போது என் கையிலிருந்த கிளே, அந்த அழுக்கெடுக்கும் களிமண் துண்டு, சிவந்துவிட்டது. நம் ரோட்டில் ஓடுகிற வண்டியைத் தேய்த்தால் அது கறுத்துத்தான் போகும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளிலிருந்து பறக்கிற இரும்புத் தூள், தார், டீசல் புகை எல்லாம் பெயிண்டைக் கவ்விக்கொண்டு, எத்தனை தடவை வாட்டர் வாஷ் செய்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கிளேயைத் தட்டையாகப் பிசைந்து, அழுத்தாமல் இழுத்தால்தான் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். ஆனால் இன்று மடித்துப் பிசையும்போது கறுப்புக்கு நடுவே குங்குமச் சிவப்பு ஓடியது. மோந்து பார்த்தேன். சந்தன வாசம் அடித்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. உன் கார்தான் புள்ள.

கொண்டுவந்தவர் உன் கொழுந்தனார். ஓட்டி வந்தது உன் மகள். வெள்ளிக்கிழமை அவர் பையனுக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளை கார் இதுதானாம், புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கித் தர வேண்டுமாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ கண்ணை மூடிய பிறகு அந்த வண்டி உங்கள் வாசலில் தூசி அடைந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்திருந்தேன். உன் மகள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் மனிதர் பானெட்டைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, இந்தக் கறை மட்டும் தடமே தெரியாம போயிரோணுங்க. அண்ணி கை வெச்சது. நல்ல காரியத்துக்குப் போற வண்டி பாருங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கையிலிருந்த கிளே நழுவிக் கீழே விழுந்தது. கீழே விழுந்ததை மறுபடி காரில் வைக்கக் கூடாது, அதில் ஒட்டிய ஒரு மண் போதும் பெயிண்டைக் கீற. தூக்கி எறிந்துவிட்டு வேறு துண்டு எடுத்தேன். கோபத்தோடு வேலை செய்தால் இப்படித்தான் ஆகிறது. ஆனால் கோபப்படாமல் என்ன செய்வது, நீயே சொல். இதே கொழுந்தனாருக்கு நெஞ்சு வலி வந்த அன்று வீட்டில் ஆம்பளைகள் எல்லாரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோது, பின் சீட்டில் படுக்க வைத்து சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது யார்? அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கை நல்ல கையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு என்றால் நீ வரலாம், மண்டபத்துக்கு என்றால் உன் விரல் பட்ட தடம்கூட வரக் கூடாது. இதை வெட்கமில்லாமல் என்னிடம் வந்து சொல்கிறார், அதுவும் உன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உன் வீட்டுக்காரர் போய் காரியமெல்லாம் முடிந்ததும், வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீ லைசென்ஸை டாக்ஸிக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றாய். முதலில் கிடைத்தது ஏர்போர்ட் சவாரி, பிறகு ஆஸ்பத்திரி சவாரி. முதல் கல்யாணச் சவாரி வந்தபோது என்னிடம்தான் காரைக் கொண்டுவந்தாய். கையை ஒரு பாலித்தீன் கவருக்குள் விட்டு பெயிண்டின் மேல் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வெறும் கைக்குத் தெரியாத பொடியெல்லாம் கவருக்குள் நறநறவென்று தட்டும். "அட, கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்குது, உள்ள இத்தன கிடக்குது பாரு" என்று சிரித்தாய். நாள் முழுக்க இரண்டு பேருமாகத் தேய்த்தோம். கண்ணாடி மாதிரி ஆனது.

அந்த வண்டியில்தான் கல்யாணப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனாய். மண்டபத்து அலங்கார வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தி உன் நெற்றியைப் பார்த்தாள். விசாரித்தாள். வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னாள். பெண்ணின் மாமா ஒருத்தர் சாவியை வாங்கி உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். உன் காரை, உன்னை இறக்கிவிட்டு! நீ வெயிலில் நடந்து பஸ் பிடித்து என் கடைக்கு வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். டீ வாங்கித் தரச் சொன்னாய். அதைக் குடித்து முடித்துவிட்டு, "காரை நல்லாத்தான் பாத்தாங்க, புள்ள" என்று மட்டும் சொன்னாய்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குத்தான் அதை ஆரம்பித்தாய். யாரையும் கூப்பிடவில்லை. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் உன் மோதிர விரலாலேயே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாய். என் கடை கம்ப்ரசருக்கும் முதல் பொட்டு உன் கையால் வைக்கச் சொன்னேன். அதற்கு எத்தனை பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்! கம்ப்ரசர் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பூஜை முடிந்த மறுநாள் எல்லாரும் வண்டியைக் கழுவிவிடுவார்கள். நீ அந்த இடத்தை மட்டும் கழுவ விடமாட்டாய். தானாக உதிர்கிற வரை தொடக் கூடாது என்று பிடிவாதம். வெயிலில் காய்ந்து காய்ந்து அது பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் அதே இடம், அதற்கடுத்த வருஷமும் அதே இடம். வெள்ளைக் காரில் இப்படிப் பண்ணுகிறாயே, பெயிண்டைத் தின்றுவிடும் என்று நான் கத்துவேன். நீ ஒரு தடவைதான் பதில் சொன்னாய்.

"தின்னா தின்னுட்டுப் போவுது புள்ள. எம் பொட்டத்தான் தொடைச்சுட்டாங்க. இதையாவது ஆரும் தொடைக்காம இருக்கட்டும்."

அந்தக் காரைத்தான் இன்று என் கையில் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறார்கள். நான் வேலையைத் தொடங்கினேன். கூரை, கதவு, டிக்கி, கடைசியாக பானெட். உன் பொட்டின் மேலும் கிளேயை ஓட்டினேன். மேலே ஒட்டியிருந்த துளி வந்தது. உள்ளே இறங்கியது அப்படியே நின்றது, இளஞ்சிவப்பாக, உன் விரல் நுனி அளவுக்கு. கழுவித் துடைத்துவிட்டு உன் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். கையில் கவரை மாட்டி பானெட் முழுக்க ஓட்டச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போனது. பொட்டின் மேலும் வழுக்கிக்கொண்டுதான் போனது.

"ஏதாச்சும் தட்டுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அழுக்கெல்லாம் போயிருச்சுங்க. இது பெயிண்டோட சேர்ந்துருச்சு. இதை எடுக்கோணும்னா மிஷின் போட்டுப் பெயிண்டையே அறுக்கோணும்."

அறுத்துவிடுங்கள் என்றார், கண்ணை இமைக்காமல். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் வந்து பானெட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ. அவள் குரல் உயரவே இல்லை. உன்னை மாதிரியேதான்.

"சித்தப்பா, வண்டி எம் பேர்ல இருக்குதுங்க. அம்மா வெச்சது அப்படியே இருக்கட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான் தூண்டிவிட்ட மாதிரி. தூண்டிவிட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். இது முழுக்க அவள் பேச்சு. வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்குக் கை காட்டினார். பஸ் நின்றது, ஏறிப் போனார்.

அவர் போன பிறகு அவள், உன்னைப் போல டீ கேட்காமல் அழுதாள். கல்யாணத்துக்குப் போகவே வேண்டாம் அத்தை என்றாள். எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது, எந்த மண்டபம் என்று முன்னமே பார்த்துவிட்டேன். நீ இறங்கி நடந்தாயே, அதே மண்டபம். அதனால் போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் சிவப்பு ஏறிய கிளேத் துண்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டு என் கைப்பையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் உன் மகள் ஓட்டுவாள், நான் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அலங்கார வளைவைத் தாண்டி உள்ளே போய், பானெட் மண்டபத்து வாசலைப் பார்த்தபடி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். யாராவது வந்து இறங்கச் சொல்லட்டும், பார்க்கலாம்.