வெட்டுக்கிளி நட்ட ஒரு ஏக்கர்

ஜூலை 4
நாளை நாத்தனாரின் ஒரு ஏக்கரில் நெல் நடவு. மகளிர் குழுவின் நடவு இயந்திரம், ஓட்டப்போவது நான். வெட்டுக்கிளி என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். தட்டுகளில் நாற்று பாய் மாதிரி சுருட்ட வருகிறது. நாத்தனாரோ வயல் மூலையில் கைநடவுக்கென்று தனியாக ஒரு நாற்றங்கால் விட்டு வைத்திருக்கிறார். கேட்டால், "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா, சும்மா கெடக்கட்டும்" என்கிறார். சும்மாவாம்.

ஜூலை 5
இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நாற்பத்து நான்கு வயதில் ஒரே ஓட்டத்தில் ஆறு வரிசை நட்டவள் என்று எழுதிக்கொள்ள ஆசை. எழுதியாயிற்று.

ஜூலை 7
குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, விரல் உயரம், வெளிறிப்போய். வேர் பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும். நாத்தனார் இடுப்பில் கைவைத்து வரப்பில் நின்று பார்த்தார். "வழுக்கைத் தலையை வாரி விட்ட மாதிரி இருக்கு."
பதினேழாம் தேதி வரை கெடு. அதற்குமேல் மூலை நாற்று முற்றிவிடும். அதற்குள் வயல் தேறாவிட்டால் உழுதுவிட்டுக் கையால் நடுவாராம். டிராக்டர்காரரிடமும் சொல்லி வைத்தாயிற்று. சொந்த நாத்தனாரே உழுதுபோட்டால் வேறு யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

ஜூலை 8
இன்னும் பச்சை பிடிக்கவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பார்த்தால் வளருமா?

ஜூலை 11
பச்சை பிடித்துவிட்டது. புது இலைகூட விட்டிருக்கிறது. ஆனால் வடக்குப் பக்கம் – பல் விழுந்த வாய். இயந்திரத்தில் நாற்றைக் கிள்ளி ஊன்றும் விரல் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பொய். விதை போதாதோ என்ற பயத்தில் கடைசிப் பத்துத் தட்டுகளில் கிள்ளிக் கிள்ளித் தூவியவள் நான். நாற்றே இல்லாத இடத்தில் அந்த விரல் வெறும் மண்ணைத்தானே எடுத்து நடும்? பாவம், வெட்டுக்கிளி.

ஜூலை 14
சொல்லிவிட்டேன். நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "தப்பு மிஷின்ல இல்ல அண்ணி, என் கைல."
நிமிரவில்லை. "காலேஜ் முடிச்சவளுக்கு விதை தூவத் தெரியல." கொஞ்சம் கழித்து, "அப்போ நாத்து இருந்த இடத்துல ஒழுங்காத்தான் நட்டிருக்கு?"
ஆமாம் என்றேன். பாதி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். மன்னிப்பா, வேலையா, தெரியவில்லை. உரித்தேன்.

ஜூலை 17
டிராக்டருக்கு முந்திவிட வேண்டும் என்று ஆறரைக்கே போனேன். நாத்தனார் எனக்கும் முந்திவிட்டார். வடக்குப் பக்கம், முழங்கால்வரை சேறு, கையில் மூலை நாற்று. விட்டுப்போன இடங்களில் இரண்டிரண்டாக ஊன்றிக்கொண்டிருந்தார் – என் வரிசை பிசகாமல்.
"வரப்புல நின்னு என்ன வேடிக்கை? அந்தக் கோடியிலேர்ந்து பிடிச்சுட்டு வா."
இறங்கினேன். பாதி வரிசையில் அவர் போன் அடித்தது. அவர் கையெல்லாம் சேறு. நான்தான் என் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து அவர் காதில் வைத்தேன். டிராக்டர்காரர், கிளம்பட்டுமா என்று கேட்கிறார்.
"எதுக்குப்பா? வயல்ல பயிர் நிக்குதே."