தூசிக்குக் கொடுத்த வெல்லம்

சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
3 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஆண்டனி ராஜுக்கு,

அக்கா இருதயம்மாள் எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் உன் மனைவி இவாஞ்சலினுடைய சுகமும் அறிய ஆசை. போனில் பேசினால், "அக்கா, ஆபீசுக்கு ஆள் வந்திருக்காக" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே திராட்சை வெட்டு நடக்கிறது. தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை. நீ கொடுத்தனுப்பிய கம்பளியைத்தான் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். நல்ல கம்பளி.

நேற்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு ரூபன் மகள் பெனிட்டா, நீ மேனேஜராக இருக்கிற நூல் மில்லில் கார்டிங்கில் வேலை பார்த்தவள். பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற இடம் அது, தூசி அதிகம் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அவளுக்கு மூச்சு இரைக்கிறது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பஞ்சுத் தூசியால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டி, தூசியைக் குறையுங்கள், என்னை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று மனுக் கொடுத்தாள். பொய்ப் புகார் என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இப்போது நான், அவளுடைய ஐந்தாம் வகுப்பு டீச்சர், "இந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே இரைப்பு உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குழம்புக்கு உப்பு கேட்பதுபோலக் கேட்டாய்.

பள்ளிக்கூடத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று சொல்லட்டுமா? விளையாட்டு விழாவில் ஓடி முடித்துவிட்டு, பின்னால் வருகிற பிள்ளைகளைக் கேலி செய்வதற்காகக் கோட்டின்மேல் நின்று காத்திருப்பாள். இப்போது கோவில் படி ஏறினால் பாடகர் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கிறாள். பாட்டு அவள் இல்லாமலே தொடங்குகிறது.

உனக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம். கரும்பலகையை அழித்தால் சாக்பீஸ் தூள் பறக்கும். முன்பெஞ்சுப் பிள்ளை தும்மும். நான் டஸ்டரை வெளியே கொண்டுபோய்த் தட்டச் சொல்வேன். உங்கள் மில்லில் பிள்ளையை வெளியே கொண்டுபோய்த் தட்டுகிறீர்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள அக்கா,
இருதயம்மாள்


தேனி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆண்டனி ராஜ் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் போனை எடுக்காததால் நானும் எழுத வேண்டியிருக்கிறது. கம்பளி பிடித்திருப்பதில் இவாஞ்சலினுக்குச் சந்தோஷம்.

அக்கா, இந்த ஜனங்களை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தது பத்து வயதுப் பிள்ளைகளை. நான் பார்ப்பது அவர்கள் வளர்ந்த பிறகு. ஊருக்குள்ளேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. டீ, பன், தீபாவளிக்குப் புடவை. இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்திக்கு இருமல் வந்தால் அதற்கு மில் காரணம். வெயில் அடித்தால்கூட மேனேஜரைத்தான் கேட்பார்கள்.

எங்கள் மில்லில் தூசி கிடையாது. போன வருடம் மதுரையிலிருந்து ஆள் வந்து பெட்டி வைத்துக் காற்றை அளந்தார்கள். எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது. அதற்குச் சான்று கையில் இருக்கிறது.

எங்கள் முதலாளி ஈஸ்வரபாண்டி அய்யா தங்கமான மனிதர். அவருடைய அப்பா காலத்திலிருந்து கார்டிங் ஆட்களுக்கு ஷிப்ட்டுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுத்து வருகிறோம். நெஞ்சில் ஒட்டுகிற தூசி வெல்லம் தின்றால் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதை இன்றுவரை மீறவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் இந்த மாதக் கடைசியில் விசாரணை. அங்கே வெல்லத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லப்போகிறேன். இவ்வளவு அக்கறை உள்ள நிர்வாகத்தை எங்கே பார்க்க முடியும்?

நாலு வரிதான் கேட்கிறேன். தம்பிக்காக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆண்டனி ராஜ்


சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
14 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வருத்தமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

வகுப்பில் இம்மானுவேல் என்று ஒரு பையன். தோட்டத்து மாங்காயைப் பறித்தாயா என்று கேட்டேன். "நான் பறிக்கவே இல்ல டீச்சர், அது ஒரே புளிப்பு" என்றான். மேனேஜரே, மில்லில் தூசி கிடையாது என்கிறாய். அடுத்த பத்தியில் அந்தத் தூசிக்குத்தான் வெல்லம் கொடுக்கிறோம் என்கிறாய். இதை அதிகாரி முன்னால் விளக்கமாக வேறு சொல்லப்போகிறாய். அவசியம் சொல். நானும் அங்கே வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

வெல்லம் போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு. இது நாலாம் வகுப்புப் பாடம், படத்தோடு இருக்கும். உங்கள் முதலாளிக்குப் புத்தகம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

காற்றை அளந்த கதையைப் பெனிட்டாவிடம் கேட்டேன். சிரிக்கப் போய் இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "பெட்டிய எங்கன வச்சாகன்னு கேளுங்க டீச்சர். நூல சோதிக்கிற ரூம்ல. அங்கன ஏசி ஓடும், உள்ள போறப்ப செருப்பக் கழட்டணும். கார்டிங்கு பக்கம் அந்தப் பெட்டி எட்டிக்கூடப் பாக்கல." ஆண்டனி, காய்ச்சல்காரனைப் படுக்கையில் விட்டுவிட்டு டாக்டருடைய கையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கிறது உங்கள் அளவு.

நீ கேட்ட நாலு வரியை எழுதித் தருகிறேன். பெனிட்டா என்னிடம் படித்தாள். நன்றாக ஓடினாள். நன்றாகப் பாடினாள். ஒரு நாளும் இரைத்ததில்லை. இதை விசாரணையில் நானே வாயால் சொல்வேன்.

இவாஞ்சலினுடைய முட்டிவலிக்கு நொச்சித் தழை கொடுத்தனுப்புகிறேன்.

பிரியமுள்ள அக்கா,
இருதயம்மாள்


தேனி
22 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலாளி அறையில் வாசித்துக் காட்டினேன். ஒரு ரிட்டையர்டு டீச்சருக்கு எவ்வளவு பேச்சு என்று நாங்கள் சிரிக்கலாம் என்றுதான் வாசித்தேன். மாங்காய் இடம் வந்தபோது அய்யா சிரிக்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டார்.

மறுநாளே வெல்லம் நிறுத்தப்பட்டது. "மில்லில் வழங்கப்பட்ட வெல்லத்துக்கும் தூசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இனி வழங்கப்படாது" என்று போர்டில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. நானே கையெழுத்துப் போட்டேன். இனிமேல் உங்கள் மாங்காய்க் கதை எடுபடாது. எங்களை முன்கூட்டியே எச்சரித்ததற்கு நன்றி.

உங்களுக்கு இனி அங்கே வேலை இல்லை. வெயிலில் பஸ் ஏறி வந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்டனி ராஜ்


சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
16 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

தவக்காலம் தொடங்கிவிட்டது. கோபத்தை அடக்கி எழுத முயல்கிறேன். முடிந்தவரைதான்.

விசாரணையில் நான் பேசியதை நீ எதிரே உட்கார்ந்து கேட்டாய். முடிந்ததும் என்னைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனாய். அதனால் விசாரணைக்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

பெனிட்டாவை நிறுத்தியபோது அந்த வேனில் போகிற ஒருவரும் அவள் வாசலை மிதிக்கவில்லை. அவளுக்கு எதிராக உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட ஜெபஷீலா, தெருவில் அவளைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் இருமினார்கள். எல்லாரும் பயந்தார்கள். அவர்கள்மேலும் எனக்கு மரியாதை குறைந்துதான் இருந்தது.

வெல்லம் நின்ற மறுநாள் வேன் வந்து நின்றதும் அதே ஜெபஷீலா நேரே பெனிட்டா வீட்டுக்குள் போனாள். நான் அங்கேதான் இருந்தேன். "ஏ ஆத்தா, எந்திரி. நெஞ்சுதான் போச்சு, இருந்த வெல்லத்தையும் புடுங்கிட்டாக. தூசிக்கும் வெல்லத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதி ஒட்டியிருக்காக. அப்ப இத்தன வருசம் நாங்க என்ன, எறும்பா?" என்றாள். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உன்னைப் பற்றிச் சொன்னதை எழுத மாட்டேன், தவக்காலம்.

நெஞ்சுக்காக வாய் திறக்காதவர்கள் வெல்லத்துக்காக வேனிலிருந்து இறங்கிவிட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. தூசி இருக்கிறது என்று நிர்வாகம் ஒத்துக்கொண்ட ஒரே அடையாளம் அந்த வெல்லம்தான். அதைப் பிடுங்கியபோதுதான் இவ்வளவு நாளும் தங்களை என்னவாக நினைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. விசாரணை முடிந்ததும் மொத்தமாகப் போய் ஆய்வாளர் அம்மாவிடம் வெல்லக் கதையைச் சொன்னார்கள். உன் அறிவிப்பையும் போட்டோ எடுத்துக் காட்டினார்கள்.

பிறகு அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மில்லுக்கு வந்தது உனக்கே தெரியும். தூசி இழுக்கிற காற்றாடிக்கு பெல்ட் இல்லை. குழாய்க்குள் புறா முட்டையிட்டு அடை காக்கிறது. கரண்டுச் செலவைக் குறைக்க நிறுத்தி வைத்திருந்தீர்களாம். அந்த மில்லில் நல்ல காற்று கிடைத்தது அந்தப் புறா ஒன்றுக்குத்தான் போலிருக்கிறது.

உன்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆண்டனி. முதலாளிக்குக் காசு மிச்சம். உனக்கு என்ன மிச்சம்?

அக்கா,
இருதயம்மாள்


தேனி
20 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். இவாஞ்சலின் சுகம். எனக்குத் தூக்கம் சரியில்லை.

பெனிட்டாவை வேலைக்கு எடுத்துக்கொண்டோம். பேக்கிங் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. காற்றாடி ஓடுகிறது. பாதி மில் சுத்தமாகத்தான் இருக்கிறது, மீதியும் ஆகிவிடும். இதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்?

ஆனால் ஆய்வாளர் அம்மா மில்மேல் கேஸ் போட்டிருக்கிறார். சம்மனில் இரண்டு பெயர். ஒன்று முதலாளியின் மைத்துனர், மில் அவர் பெயரில்தான் இருக்கிறதாம், ஆள் துபாயில் இருக்கிறார். இன்னொன்று நான். மில்லின் எந்தக் காகிதத்திலும் ஈஸ்வரபாண்டி அய்யா பெயர் இல்லை. இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை. போய்க் கேட்டேன். "நீங்கதான மேனேஜரு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். எனக்கு டீ வரவில்லை. வக்கீலை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அக்கா, காற்றாடியை நிறுத்தச் சொன்னது நான் இல்லை. அவர்தான் சொன்னார். என் முன்னால்தான் சொன்னார். ஆனால் அதைக் கோர்ட்டில் சொன்னால் மறுநாளே வேலை போய்விடும். இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்?

ஒரு வழி இருக்கிறது. தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன் என்று பெனிட்டா ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கேஸ் லேசாகிவிடும் என்று வக்கீல் சொல்கிறார். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அவளுக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்துவிட்டதே. நான் உங்கள் கூடப் பிறந்தவன். ஜூலை ஏழாம் தேதி தேனி கோர்ட்டில் ஆஜராக வேண்டும்.

உங்கள் தம்பி,
ஆண்டனி ராஜ்


சேசு மரி சூசை

இராயப்பன்பட்டி
27 ஜூன் 2025

அன்புத் தம்பி ஆண்டனி ராஜுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உடனே எழுதினால் கடுமையாக எழுதியிருப்பேன். இப்போதும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பெனிட்டாவிடம் கேட்க மாட்டேன். நீ கேட்டாய் என்றுகூட அவளுக்குச் சொல்ல மாட்டேன். அவளுக்கு வேலைதான் திரும்ப வந்தது. மூச்சு திரும்பவில்லை. இனி இவ்வளவுதான், மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனிலிருந்து வீடு வருவதற்குள் வழியில் இரண்டு இடத்தில் நிற்கிறாள். யாராவது பார்த்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறாள். அந்தப் பிள்ளையிடம் போய், உன் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடு என்று கேட்கச் சொல்கிறாய். முதலில் என்னைக் கேட்டாய், இப்போது அவளையே கேட்கிறாய். நடுவில் நடந்த எதுவும் உன் மண்டையில் ஏறவில்லை.

ஈஸ்வரபாண்டியை நான் திட்டப்போவதில்லை. திட்டுவதற்கும் ஆளைக் கொஞ்சம் மதிக்க வேண்டும். தன் பெயரை ஒரு காகிதத்திலும் வைக்காதவன், அப்பன் காலத்து வெல்லத்தைப் பெருமை பேச உன் வாயைக் கூலிக்கு எடுத்தான். நீயும் கொடுத்தாய். அவனுக்காக ஒரு பிள்ளையின் சின்ன வயதையே மாற்றி எழுதப் பார்த்தாய். டீ வரவில்லை என்று இப்போது உனக்கு மனம் நோகிறது. அந்த வருத்தத்துக்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

காற்றாடியை நிறுத்தச் சொன்னது யார் என்று எனக்கு எழுதினாய். அதைச் சொல்ல வேண்டிய இடம் என் வீடு இல்லை. கோர்ட்டில் சொல். வேலை போகும்தான். போனால் இங்கே வந்து இருங்கள். மேல அறை சும்மாதான் கிடக்கிறது. என் பென்ஷனில் மூன்று பேர் சாப்பிடலாம். இவாஞ்சலினுக்கும் இந்தக் காற்று ஒத்துக்கொள்ளும். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு அவனுக்காக அபராதம் கட்டினாலும் உன்னைத் தடுக்க நான் வரமாட்டேன். அதற்குப் பிறகு மட்டும், அக்கா என்ன நினைக்கிறாள் என்று என்னைக் கேட்காதே.

ஏழாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உனக்காக ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நீ செய்தது சரி என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வராந்தாவில் உன்னைத் தனியாக உட்கார விட மனசு வரவில்லை. இட்லி கட்டிக்கொண்டு வருகிறேன். வெறும் வயிற்றில் கிளம்பாதே.

உன் முதலாளி அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். நான் வருவேன்.

அக்கா,
இருதயம்மாள்