பரணுக்கு ஒரு கதவு

ஏப்ரல் 4

மெத்தைக்கு நேர்கீழே இருந்த மெழுகுவர்த்திகள் மட்டும் வளையவில்லை.

மதியம் வீட்டை ஒட்டிய அண்ணனின் சைக்கிள் ஷெட்டின் பரணில் ஏறியபோது முதலில் இதைத்தான் பார்த்தேன். தலைக்கு மேலே தகரக் கூரை கொதிக்கிறது. நானும் அம்மாவும் வார்த்து அடுக்கியவை எல்லாம் இடுப்பொடிந்து கிடந்தன. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே அண்ணன் செருகி வைத்திருந்த பழைய மெத்தைக்குக் கீழே ஒரு வரிசை மட்டும் விறைப்பாக இருந்தது.

கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் வளைந்ததில் ஒன்றை நீட்டினேன். "குடைக்குக் கைப்பிடின்னு சொல்லி வித்துரலாம்டி" என்றான்.

ஏப்ரல் 5

மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், துணிக்கடைக்காரர்.

"வெயில் காலம் பூரா உருகினதையே திரும்பத் திரும்ப உருக்கி ஊத்தப் போறியா? இவள என் கடைக்கு அனுப்பு. கவுன்டர்ல நின்னா வாய் தானா திறக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்ணே. அப்பவும் இப்படியேன்னா அனுப்பி வைக்கிறேன்."

கவுன்டர்! நாள் முழுக்க முன்பின் தெரியாத முகங்கள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே குரல் வராது, அதனால்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன்? என்னால முடியாது. முடியவே முடியாது.

வீட்டில் மெழுகுவர்த்தி வைக்க இடமில்லை. ஷெட்டின் தரையெல்லாம் சைக்கிள். பரண்தான் இருக்கிறது. ஒரு மெத்தை ஒரு வரிசையைக் காப்பாற்றியது என்றால், பரண் முழுவதையும் மூடினால்?

ஏப்ரல் 7

ஃபிரிட்ஜ் கடையின் பின்பக்கம் தெர்மாகோல் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. கேட்க வாய் வரவில்லை. தெருவில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் கடைக்காரரே, "என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டியா?" என்றார். கையால் காட்டினேன்.

"இதுவா? அள்ளிட்டுப் போம்மா, எனக்கு இடம் மிச்சம்."

ஏப்ரல் 9

தகரத்தில் நேராக ஒட்டினால் பசை இளகி விழுகிறது. அதனால் சட்டங்களுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதன்மேல் தெர்மாகோலைப் பரப்பினேன். தகரத்துக்கும் அதற்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. சந்துகளில் கிழிந்த துணியைத் திணித்தேன். திறந்திருந்த முன்பக்கத்துக்கு உடைந்த கட்டிலின் பலகைகள். அண்ணன் ஆணி அடித்துக் கொடுத்தான். "அம்மா, இந்த ஊமைக்கோட்டானுக்குக் கூடு ரெடி!" என்று கத்தினான், தெருவுக்கே கேட்கும்படி.

ஏப்ரல் 12

கதவும் வைத்தாயிற்று. தலைமுடியெல்லாம் வெள்ளைத் துகள்.

ஏப்ரல் 13

போச்சு. எல்லாம் போச்சு.

நேற்று மாலை வார்த்ததை அச்சிலிருந்து எடுத்த கையோடு மேலே அடுக்கிக் கதவைச் சாத்தினேன். காலையில் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. வெயிலே இல்லாத ராத்திரியில எப்படி?

அண்ணன் கிண்டல்கூடச் செய்யவில்லை. அம்மா, "விடுடி" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டியை உடைத்தேன். நடுவில் இன்னும் வெதுவெதுப்பு. ஆக, சூட்டை நானேதான் உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டியிருக்கிறேன்! வெளிச்சூட்டை உள்ளே விடாத கதவு உள்சூட்டை மட்டும் வெளியே விடுமா?

இனிமேல் புதிதாக வார்த்தவை ராத்திரி முழுக்க வாசல் தரையிலேயே ஆறட்டும். விடியும்போது கதவைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அடுக்கிச் சாத்த வேண்டும். பகலில் யாரும் திறக்கக் கூடாது. அண்ணனிடம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றான்.

ஏப்ரல் 19

வளையவில்லை.

ஏப்ரல் 24

மதியம் அண்ணனைக் காணோம். தேடினால் பரணுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறான்! காலைப் பிடித்து இழுத்தேன். "உன் மெழுகுவத்திக்கு மட்டும்தான் வேர்க்குமா? நானும் மனுஷன்தானேடி!"

ஏப்ரல் 30

உச்சி வெயிலில் மாமா வந்தார். "என்ன, துணிமணி எடுத்து வச்சாச்சா?"

அம்மா பரணை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏறிப்போய் ஒன்றை எடுத்து வந்து மாமாவின் கையில் வைத்தேன். அவர் அதை வளைக்கப் பார்த்தார். பட்டென்று உடைந்தது.

"நான் வரல மாமா" என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

அம்மா அச்சுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பரண் கதவைத் திறந்தே விட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏறிப்போய்ச் சாத்தினேன்.