நாலு பிரதிநிதி உள்ள தொகுதி

அன்பு மகன் கர்டிஸுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, குளிரோடு வந்த மூட்டுவலி மட்டும் குளிர் போன பிறகும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. நீ அந்த ஹோட்டல் அறையில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே மார்லோவில் பனி உருகித் தெருவெல்லாம் சேறு, மருந்துக்கடையையும் மூடப்போகிறார்களாம், இனி மாத்திரை வாங்கவும் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். அப்பாவின் வண்டியை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்க மனசு வரவில்லை.

நீ கேட்டாய் என்றுதான் ஹேலோரன் அம்மாளின் தேர்தல் விளம்பரம் எடுக்க வந்த உன் ஆட்களை வீட்டுக்குள் விட்டேன். சமையலறையில் விளக்குகளைக் கட்டி, மேஜையை நகர்த்தி, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அந்த மத்தியானத்தைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆம்புலன்ஸ் மார்லோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போனது, பூட்டுப் போட்ட கதவை அவர் படுத்தபடியே பார்த்தார், அடுத்த ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னே போய்விட்டார் என்று சொன்னேன். யார் முன்னாலும் அழாதவள் அந்தக் கேமரா முன்னால் அழுதேன். ஹேலோரன் அம்மாள் ஜனாதிபதி ஆவதற்காக அழவில்லை கண்ணா, கட்சிக்குள் அவர் ஜெயிக்கிறாரோ தோற்கிறாரோ, நம் ஊர்க்காரர்கள் ஒரு தடவையாவது தங்கள் ஆஸ்பத்திரியின் பெயரை டி.வி.யில் கேட்கட்டும் என்றுதான் அழுதேன்.

சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு நடீன் பெரிய பானையில் பீன்ஸும் கறியும் போட்டுச் சில்லி வைத்து, சோள ரொட்டி சுட்டு, தன் வீட்டு டி.வி. முன்னால் எல்லாரையும் கூட்டினாள். செய்தி முடிந்தது, கார் விளம்பரம் வந்தது, சோப்பு வந்தது, நான் வரவில்லை. மறுநாளும் அப்படியே. நடீன், "ஏன்டி டோரீன், உன்னைப் பாக்கத்தான் டி.வி.யைத் துடைச்சு வெச்சேன், சோப்புக்காரிதான் வந்துட்டுப் போறா, அது நீதானா, அவ்ளோ இளைச்சுட்டியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வாரமே கொலம்பஸில் இருக்கும் அவள் மகள் போன் பண்ணி, "இங்க சாப்பிட முள்கரண்டியைக் கையில எடுத்தா டி.வி.யில டோரீன் ஆன்ட்டி அழறாங்கம்மா, என் வீட்டுக்காரர் சேனலை மாத்திடறார்" என்றாளாம். முகம் தெரியாதவர்கள் சேனலை மாற்றத்தான் அப்பாவை எடுத்துக் கொடுத்தேனா என்று அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது பொறுமையாகத்தான் சொன்னாய். "அம்மா, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உங்க தொகுதிக்கு நாலு பிரதிநிதி. அறுபதுக்கு நாப்பதுன்னு ஓட்டு விழுந்தாலும் ரெண்டுக்கு ரெண்டுதான் பிரிப்பாங்க. அங்க விளம்பரத்துக்குப் போடற காசு தண்ணியில போட்ட மாதிரி. இங்க கொலம்பஸ்ல அஞ்சு பேர், கொஞ்சம் முந்தினாலும் மூணு நமக்கு." எனக்குப் புரிந்தது, புரியாமல் இல்லை. நீ பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் நீ நம்ம தொகுதி என்று சொல்லவில்லை, உங்க தொகுதி என்றாய். நீ பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான், கர்டிஸ்.

ஓட்டுப் போடும் நாளன்று நடீன்தான் அழைத்துப் போனாள். சீட்டில் ஹேலோரன் பெயர் முதலில் இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், பின்னால் நின்றவர் இருமினார். ஒரு கட்டத்தையும் நிரப்பாமல் அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் முடிவு வந்தது, நீ சொன்னபடியே ரெண்டுக்கு ரெண்டு. என் ஓட்டு இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். அது எனக்குக் கோபமாக இல்லை, வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்போது உன் ஆபீஸ் பெண் கூப்பிட்டாள். அடுத்த மாநிலத்தில் மார்லோ என்றால் யாருக்கும் தெரியாதாம், ஊர் பெயரை எடுத்துவிட்டு எங்கள் ஊர் என்று மட்டும் ஒரு தரம் பேசித் தர வேண்டுமாம், அழுதது அருமையாக வந்திருக்கிறதாம், அதைத் தொட வேண்டாமாம். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். முடியாது. உனக்கு வேலையில் சங்கடம் வரும் என்று தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் நீ வந்து கேள், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், கேமராவைக் கொண்டுவராதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். அப்பாவின் கல்லறைக்குக் கல் வைக்க மண் இறுகட்டும் என்று காத்திருக்கிறார்கள், மே மாதம் ஆகும். அதற்காவது ஒரு நாள் ஒதுக்கு, பெரிய கூட்டம் இருக்காது.

உன் அம்மா,
டோரீன் ப்ரூயிட்
மார்லோ, ஒஹாயோ