காது மாதிரி ஒரு குமிழ்

மார்ச் 3, திங்கள்

கட்டுரை வெளிவந்து பதினோரு நாள். ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. அம்மா அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். புற்றுநோய் என்ற சொல்லைத் தவிர ஒன்றும் புரியவில்லையாம். "பரவால்ல. உன் பேரு புரியுது."

என் வெளியீட்டுப் பட்டியல் இப்போதைக்கு ஒரே வரி. அதை நம்பித்தான் திசு டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டிருக்கிறேன். வேறொரு நாட்டு மருத்துவமனையில் கட்டிகளின் திசுவைப் பார்த்து நோயைச் சொல்பவர். கட்டுரைக்கான திசுப் படங்களையும் செல் எண்ணிக்கையையும் அனுப்பியவர் அவர்தான். இரண்டு வருஷப் பழக்கம்; நேரில் பார்த்ததில்லை.

மார்ச் 5

காலைக் கூட்டத்துக்காகக் கட்டுரையின் மூன்றாம் படத்தைப் பெரிதாக்கினேன்; நோயாளிக்கு ஒரு கட்டம். இரண்டாம் நோயாளியின் கட்டத்தில், மூலையில், காது மாதிரி ஒரு காற்றுக்குமிழ். நான்காம் நோயாளியின் கட்டத்திலும் — அதே காது.

ஒரே படம், இரண்டு இடத்தில்.

மார்ச் 5, மதியம்

நினைவு வந்துவிட்டது. நான்காம் நோயாளியின் படம் வரும்வரை, கட்டத்தின் அளவு பார்க்க இரண்டாவதையே ஒட்டிவைத்தேன். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. ஆள் ஏறவே இல்லை. துண்டு மட்டும் பயணம் போய்விட்டது.

இதழின் மதிப்பீட்டாளர்கள் கண்ணில்கூடப் படவில்லை. இனியும் படாமலே போகலாம் — ச்சே, என்ன நினைப்பு இது. எனக்குத் தெரியுமே.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். எங்கள் பேராசிரியருக்கு ஆய்வுக்கூடத்தில் 'காற்புள்ளி' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஒன்றைச் சேர்த்துத்தான் திருப்பித் தருவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் படத்துக்குக் கீழ ஏழு காற்புள்ளி போட்டேன்மா. படத்தைப் பார்க்கல." பிறகு, "நாலாவது படம் எங்க?"

"கேட்டிருந்தேன் சார். வரல. மறந்துட்டேன்."

"அது வேற மாதிரி இருந்தா?"

கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும். பட்டியலில் பூஜ்யம்.

"முதல்ல படம் அனுப்பினவங்களுக்கு எழுது. அப்புறம் இதழுக்கு."

வேலை கேட்டுத் தட்டிய கதவையே தட்டி, நான் இவ்வளவு கவனமானவள் என்று சொல்ல வேண்டும். பிரமாதம்.

மார்ச் 7

பதினான்கு வரி எழுதி, பதினொன்றை வெட்டினேன். வெட்டியதெல்லாம் சாக்கு. மூன்று வரி போனது.

அப்பா சோபாவில், நெஞ்சில் நாளிதழோடு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். படம் எடுத்துக்கொண்டேன். இனி இடம் பிடிக்க இதுதான். இதைத் திசு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 8

பதில் இல்லை.

மார்ச் 9

இல்லை. ஃபிரிட்ஜ் பக்கம் பார்க்காமல் தண்ணீர் எடுக்கப் பழகிவிட்டேன்.

மார்ச் 11

காணொளியில் திசு டாக்டர். "அந்தக் கண்ணாடித் தகட்டைத் தேடி எடுக்கவே ரெண்டு நாளாச்சு. உங்களைத் திட்டிக்கிட்டேதான் தேடினேன்."

நான்காம் நோயாளியின் படம் திரையில் விரிந்தது. மருந்து பட்ட புற்றுநோய்ச் செல்கள் செத்துக் கிடந்தன, நாங்கள் எழுதிய கணக்குப்படியே. கூட்டமாகச் செத்ததைப் பார்த்துக் கண் கலங்கிச் சிரிப்பது எங்கள் தொழிலில்தான்.

"அனுப்பாதது என் தப்பு. திருத்தத்துல அதையும் எழுதுங்க" என்றார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "இப்பல்லாம் இடம் பிடிக்க என்ன ஒட்டறீங்க?"

அப்பாவைக் காட்டினேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "எனக்கும் அனுப்பிவைங்க."

ஏப்ரல் 2

திருத்தம் வெளிவந்தது. பட்டியலில் இப்போது இரண்டு வரி: ஒன்று கட்டுரை, இன்னொன்று அதில் நான் செய்த தப்பு. அம்மா அதையும் ஒட்டிவிட்டு, சித்தியிடம் ஃபோனில், "ரெண்டாவதும் வந்துடுச்சு" என்கிறாள். விளக்கிப் பார்த்தேன். "தப்பைச் சொன்னதுக்கும் பேரு போடறாங்கல்ல, அப்புறம் என்ன?"

தான் தூங்கும் படத்தைப் பார்த்துவிட்ட அப்பாவுக்குத்தான் வருத்தம். "உலகத்துல வேற படமே கிடைக்கலையா உனக்கு?"

ஏப்ரல் 19

திசு டாக்டரிடமிருந்து மின்னஞ்சல். கடிதம் இல்லை, ஒரு கோப்பு மட்டும்: புதிய கட்டுரையின் வரைவு. ஆசிரியர்கள் அவரும் நானும். என் பெயருக்குக் கீழே, பணியிடம் என்ற வரியில், அவருடைய ஆய்வுக்கூடத்தின் முகவரி.

படம் ஒன்றுகூட இன்னும் தயாராகவில்லை. ஆறு கட்டத்திலும் அப்பா தூங்குகிறார்.